நாலாம் எண் கடிகாரம்

நவம்பர் 4, திங்கள்

மகள் ராஜி பூனாவிலிருந்து அனுப்பிய வாட்ச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. மணி காட்டுவது அதன் வேலைகளில் பத்தில் ஒன்றுதான். அடிப்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் வந்து போவதைப் பார்த்து, இதயத்துடிப்பை எண்ணிச் சொல்லும். அறுபத்தேழு வயதில் ஓடக் கிளம்பியிருக்கும் அப்பாவை நம்பாமல் மகள் வைத்த காவல்.

டிசம்பர் 22 அன்று எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறது. ஆசிரியர்களில் நான் ஒருவன்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். நின்று நடந்தாவது முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஓடியே முடிக்க வேண்டும் என்பது சொல்லிக்கொள்ளாத ஆசை.

இன்று காலை பள்ளி மைதானத்தில் மெதுவோட்டமாக ஐந்து சுற்று. ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் வந்தது. அந்த அளவுக்கு மூச்சு இருந்தது. வாட்ச்சோ 171 என்றது. இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும் என்பார்கள். எனக்கு 153. வாட்ச் சொல்வது உண்மையானால் மூன்றாம் சுற்றிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

உடனே நின்று, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, பதினைந்து நொடிக்கு எண்ணினேன். முப்பத்தொன்று. நான்கால் பெருக்கினால் 124.

வீட்டுக்கு வந்து மனைவி வடிவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஓடுதது நீங்க. மூச்சு வாங்குதது வாட்ச்சுக்கா?" என்றாள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டுவிட்டேன். தேதி, தூரம், கருவி, கருவி காட்டியது, விரலால் எண்ணியது. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளிடம் சொன்னதையே எனக்கும் விதியாக வைத்துக்கொள்கிறேன். ஒரு அளவு தவறென்று பட்டால் அதை ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடியில் என்ன இருந்தது என்று பிறகு பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

வாரை ஒரு துளை இறுக்கிக் கட்டினேன். கருவி 168. விரல் 122.

நவம்பர் 7, வியாழன்

விடியும்போது தூறல். கை சில்லிட்டிருந்தது. குளிர்ந்த தோலில் ரத்த ஓட்டம் குறையும், அதனால் கருவி தடுமாறும் என்று ராஜி அனுப்பிய குறிப்பில் இருந்தது. நியாயம்தான். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் உடனே வருகிறதா? கையில் வைத்துத் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். ஆகவே முதலில் பத்து நிமிடம் வேகமாக நடந்தேன்.

நடக்கும்போது கருவி 98, விரல் 96. ஓடத் தொடங்கியதும் கருவி 169, விரல் 124.

நடந்தால் மெய், ஓடினால் பொய். ஆகக் குளிர் காரணமில்லை.

நவம்பர் 9, சனி

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது பாடம். வாட்ச்சின் அடிக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தேன். பயனில்லை. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டினேன். பயனில்லை. இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன். பயனில்லை. கையிலுள்ள முடி வெளிச்சத்தை மறைக்கலாம் என்று அந்த இடத்தை மழித்தேன்.

"முகத்துக்கு ரேசரைத் தேட மூணு நாளாகும். கைக்குன்னா உடனே கெடைச்சிரும்" என்றாள் வடிவு.

முடியும் காரணமில்லை. 170.

நவம்பர் 11, திங்கள்

வாட்ச் சொல்வதெல்லாம் ராஜியின் போனுக்கும் போகிறதாம். இது எனக்கு இன்றுதான் தெரிந்தது. காலையில் பதறிப்போய்ப் பேசினாள். கருவிப் பிழை என்று எவ்வளவோ விளக்கினேன். விரல் கணக்கைச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ட்ரெட்மில் சோதனை செய்து டாக்டர் சரி என்று சொன்னால்தான் 22ஆம் தேதி ஓட்டம், இல்லையென்றால் விமானம் பிடித்து வந்து மைதானத்து வாசலில் நிற்பேன் என்றாள். செய்யக்கூடியவள்.

நவம்பர் 13, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருதயப் பிரிவில் ட்ரெட்மில் அறை. சட்டையைக் கழற்றி உட்காரச் சொன்ன டெக்னீசியன் பெண் நெஞ்சில் வில்லைகளை ஒட்டிக்கொண்டே, "கண்ணாடி மாத்திட்டீங்க சார்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜெபக்கனி. பதினோராம் வகுப்பில் என்னிடம் இயற்பியல் படித்தவள். நாற்பது வயது தாண்டியிருக்கும். காதோரம் நரை. நான் எழப்போனேன்.

"எந்திரிக்காதீங்க சார், வயர் அந்துரும். கருவிக்கு மரியாதை குடுக்கணும்னு நீங்கதான சொல்லுவீங்க."

அவள் திரையில் ஈசிஜி ஓடியது. என் கையில் வாட்ச் இருந்தது. நடக்கும்வரை இரண்டும் ஒன்றையே சொன்னது. வேகத்தைக் கூட்டி என்னை ஓடவிட்டாள். திரை 131, வாட்ச் 164. அவள் குனிந்து வாட்ச்சைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், சிரித்தாள்.

"இது உங்க இதயத்தை எண்ணல சார். வேற எதையோ எண்ணுது. நாளைக்கு ஓடும்போது உங்க காலடியை எண்ணிப் பாருங்க."

டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு ஓடலாம் என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது ஜெபக்கனி தன் போன் நம்பரைக் கொடுத்தாள். 22ஆம் தேதி ஓட்டத்துக்கு அவர்கள் ஆஸ்பத்திரிதான் முதலுதவி மேசை போடுகிறதாம், அவளுக்குத்தான் டூட்டியாம். "முடிச்சுட்டு எங்கிட்ட வந்து நாடி காட்டிட்டுத்தான் போகணும்" என்றாள்.

நல்ல மாணவி. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். செய்முறைத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பது நினைவில்லை.

நவம்பர் 14, வியாழன்

கண்டுபிடித்தாயிற்று.

வலது கால் தரையில் படுவதை மட்டும் ஒரு நிமிடம் எண்ணினேன். எண்பத்து நான்கு. இரண்டு காலுக்கும் சேர்த்து 168. வாட்ச்சைப் பார்த்தேன். 168. நின்றேன், மறுபடி ஓடினேன். இந்த முறை அடியைக் குறுக்கி வேகமாக வைத்தேன். காலடி 180. சற்று நேரத்தில் வாட்ச்சும் 179க்கு வந்துவிட்டது. விரலில் 128தான்.

ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் கை குலுங்குகிறது. தோலுக்குள் ரத்தமும் வாளித் தண்ணீர் போலத் தளும்புகிறது. பச்சை விளக்குக்கு இரண்டு அசைவுகள் தெரிகின்றன. ஒன்று இதயம் அனுப்பியது, மற்றது கால் அனுப்பியது. எது பலமாக இருக்கிறதோ அதையே இதயம் என்று அது எடுத்துக்கொள்கிறது.

வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லும்போது சத்தமாகச் சொன்னவனைப் பார்த்து "சபாஷ்" என்போமே, அப்படித்தான். மெல்லச் சொன்னவள் வேறு பதில் சொல்லியிருப்பாள். அது நம் காதில் விழுந்திருக்காது.

ஜெபக்கனிக்குப் போன் செய்து, நீ சொன்னது சரி என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஓடவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன், மூடினேன். என்ன தேடுதிய என்று வடிவு கேட்டாள். கேஸ் புத்தகம் என்றேன். கேஸ் புத்தகம் அடுக்களையில் ஆணியில்தான் தொங்குகிறது. அது அவளுக்கும் தெரியும்.

நவம்பர் 20, புதன்

ராஜி நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறாள். இது வெளிச்சத்தை நம்புவதில்லை. ஈசிஜி போல இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. கால் குலுங்கினாலும் இதற்குக் கவலையில்லை. கட்டிக்கொண்டு ஓடினேன். முதலில் 60, அடுத்து 214, பிறகு ஒன்றுமே இல்லை.

ஜெபக்கனியிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது? பட்டையின் உட்புறம் இரண்டு கறுப்புத் திட்டுகள் இருக்கும், அவற்றைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள் என்றாள். காய்ந்த தோல் மின்சாரத்தைக் கடத்தாது. வியர்த்த பிறகு தானாகச் சரியாகும், அதுவரை தண்ணீர்தான் வியர்வைக்குப் பதில். இயற்பியல் ஆசிரியனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

போனை வைக்கும் முன் அவள் கொஞ்சம் பேசினாள். நான்தான் கேட்டேன். பன்னிரண்டு முடித்ததும் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினாளாம். பயிற்சி வகுப்புக்குப் போக வழியில்லை, பழைய புத்தகங்களை வைத்துப் படித்தாளாம். கொஞ்சத்தில் போய்விட்டது. அப்பா நோயில் விழவே டிப்ளமோ சேர்ந்து இந்த வேலைக்கு வந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாயிற்று. குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, "டாக்டருங்களே எங்கிட்டதான் கேப்பாங்க சார், இந்தத் தாள் சரியா இருக்கான்னு" என்றாள்.

நல்லது என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

பட்டையை நனைத்துக் கட்டினேன். கருவி 126, விரல் 124. மூன்று கிலோமீட்டர் முழுக்க இதே ஒழுங்கு. ராஜிக்குத் திருப்தி. டாக்டருக்குத் திருப்தி. இனி ஜெபக்கனியிடம் கேட்க எனக்கு ஒரு சந்தேகமும் பாக்கி இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

13ஆம் தேதிக் குறிப்பில் "நினைவில்லை" என்று எழுதிய இடத்தை ஒரே கோடு போட்டு அடித்துவிட்டேன். கீழே இருப்பது தெரிகிறது. தெரியட்டும்.

இருபதுக்குப் பதினான்கு.

1999, பிப்ரவரி 8. எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை இருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருஷம் இலவசப் பயிற்சியும் விடுதியும் தருவார்கள். எழுத்துத் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் கூட்டி முதலில் வருகிறவர் பெயரைப் பள்ளி அனுப்ப வேண்டும். அறக்கட்டளை அவரை நேர்காணல் செய்து சேர்த்துக்கொள்ளும். இயற்பியல் செய்முறைக்கு நான் பொறுப்பு. தனி ஊசல். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப் கிளாக்கில் பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 9.8 வர வேண்டும்.

ஆறு கடிகாரங்கள். தேர்வுக்கு முந்தின நாள் மாலை, எல்லாக் கருவிகளும் சரிபார்க்கப்பட்டன என்ற சான்றில் நான் கையெழுத்துப் போட்டேன். சரிபார்க்கவில்லை. அன்று ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது.

ஜெபக்கனிக்கு நாலாம் எண் கடிகாரம் வந்தது. அவளுக்கு விடை 12.2. ஊசலின் நீளத்தை மாற்றிச் செய்தாள். 12.0. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை கருவியின் பிழை என்பதை அந்த வகுப்பில் நடத்தியவனே நான்தான். அந்த இரண்டு எண்களும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன.

கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று அவள் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தினமும் காலையில் நாடியை எண்ணிப் பழக்கமாம், எப்போதும் எழுபத்திரண்டாம். இந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணினால் எண்பது வருகிறதாம்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் நாடி ஒரு கருவியாம்மா? பரீட்சைன்னா நாடி பயந்து ஓடும். கடிகாரம் பயப்படாது." பிறகு வகுப்பைப் பார்த்து, "12.2ஆம். ஜெபக்கனி எந்தக் கிரகத்துலேர்ந்து வந்திருக்கான்னு கேளுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகப் பாடம் நடத்துகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

மற்ற பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது 9.8 வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். 9.8 என்று எழுதிவிட்டு நொடிகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவார்கள். அவள் கருவி காட்டியதை எழுதினாள். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஆறு மதிப்பெண் குறைத்தேன். முதலிடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குப் போனாள். பாலகுமார் என்ற பையனின் பெயர் 12ஆம் தேதி அறக்கட்டளைக்குப் போனது.

19ஆம் தேதி ஆய்வக உதவியாளர் மாசானம் வந்து, நாலாம் எண்ணைப் பள்ளி மணியடிக்கும் பெரிய கடிகாரத்தோடு வைத்துப் பார்த்ததாகவும், நிமிடத்துக்கு ஆறு நொடி பின்தங்குவதாகவும் சொன்னார். நானும் பார்த்தேன். அறுபது நொடிக்கு ஐம்பத்து நான்கு.

"அந்தப் புள்ளைகிட்ட சொல்லிருவமா சார்?" என்று கேட்டார்.

"பாத்துக்கிடுவோம்" என்றேன்.

சொல்லியிருந்தால் தலைமை ஆசிரியருக்கு என் சான்று பொய் என்று தெரியும். அவ்வளவுதான். ஒரு விளக்கக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது.

பழைய கருவிகளைக் கழித்தபோது நாலாம் எண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். இன்னொரு பிள்ளை கையில் அது போய்விடக் கூடாது என்பதற்காக.

மேலே எழுதிய கடைசி வாக்கியத்தையும் அடிக்கிறேன். யார் கண்ணிலும் அது பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் கொண்டுவந்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

கடிகாரத்தைத் துணிப்பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அறை வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஜெபக்கனி கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்; என்னைப் பார்த்து, பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையாட்டினேன். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வடிவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய? நான் அந்தப் பரீட்சை எழுதலயே."

காம்புகளை ஒதுக்கிவிட்டு, "வாட்ச்சு தப்பாக் காட்டுதுன்னு ரெண்டு வாரமா ஊரைக் கூட்டுனிய" என்றாள்.

டிசம்பர் 5, வியாழன்

4 கி.மீ. கருவி 127. விரல் 128. எல்லாம் சரி.

டிசம்பர் 9, திங்கள்

மதியம் ஒன்றரைக்குப் போனேன். அந்த நேரத்தில் நோயாளிகள் இல்லை. முதல் நாள் வகுப்புக்குப் போகிற பயிற்சி ஆசிரியனைப் போல, சொல்ல வேண்டியதைக் குறிப்பாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கடிகாரத்தை எடுத்து அவளுடைய டிபன் டப்பா பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் திருப்பி, பின்பக்கம் வெள்ளைப் பெயிண்ட்டில் போட்டிருந்த 4ஐப் பார்த்தாள்.

"இது நம்ம லேப் கிளாக்லா சார்."

சொன்னேன். சான்றைச் சொன்னேன், கல்யாண வரவேற்பைச் சொன்னேன், மாசானம் வந்து சொன்னதைச் சொன்னேன். அவள் ஈசிஜி வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். பத்து வயர். பத்தும் முடிந்த பிறகுதான் பேசினாள்.

"மாசானம் அண்ணன் சொன்னது என்னைக்கு சார்?"

"பிப்ரவரி பத்தொன்பது."

"அறக்கட்டளையில இன்டர்வியூ?"

"மார்ச் அஞ்சு."

விரலை மடக்கி எண்ணினாள். "பதினாலு நாள் இருந்திருக்கு."

"ஆமா."

இந்தக் கணக்கை இருபத்தைந்து வருஷத்தில் நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை. பட்டியல் போன பிறகுதான் தெரிந்தது, கை மீறிவிட்டது என்றே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"சீட்டு போனதக்கூட விட்டுரலாம் சார். பாலகுமாரும் நல்லாப் படிக்கிற பையன்தான். அன்னைக்கு நான் எண்ணினது சரின்னு எனக்குத் தெரியும். நீங்க இல்லன்னு சொன்னதும், சாரே சொல்லுதாங்க, அப்ப எனக்குத்தான் எங்கயோ தப்புன்னு ஆயிட்டு. அதுலேர்ந்து எதை எண்ணினாலும் ரெண்டு பேர்கிட்ட கேப்பேன். நுழைவுத் தேர்வுல எட்டுக் கேள்விக்குச் சரியாப் போட்டேன். திருப்பிப் பாக்கும்போது பயம் வந்து, அழிச்சு மாத்திட்டேன். வெளிய வந்து பாத்தா முதல்ல போட்டதுதான் சரி. எட்டும்."

அழித்து என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

உன் அம்மாவிடம் வந்து நானே சொல்கிறேன் என்றேன். பதினான்கு மதிப்பெண் வாங்கிய அன்று அவள் அம்மா பள்ளிக்கு வந்து என் முன்னாலேயே அவளைத் திட்டியது நினைவிருந்தது. கவனமில்லாத பிள்ளை என்று. நான் தடுக்கவில்லை.

"அம்மா போன ஆகஸ்ட்ல தவறிட்டா சார். கடைசி வரைக்கும் நான் வேலைக்குக் கெளம்பும்போது, கவனமாப் பாரு, கவனமாப் பாருன்னுதான் சொல்லுவா."

சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் எழுந்து கையுறை மாட்டினாள். நான் பையை எடுத்தேன்.

"அத இங்க வச்சுட்டுப் போங்க" என்றாள். இந்த முறை சார் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

ஓடவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. ஓட்டத்துக்குச் சங்கம் கொடுத்த பனியனை வடிவு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். இந்த மழையில் பயிற்சி இல்லை, ஓட்டத்துக்குப் போகப்போவதில்லை என்றேன். முதலுதவி மேசையில் ஜெபக்கனிக்குத்தான் டூட்டி.

"அவளைப் பாக்க வெக்கமா இருக்குன்னா அதைச் சொல்லுங்க. மழை மேல போடாதிய."

டிசம்பர் 16, திங்கள்

2 கி.மீ. நெஞ்சுப் பட்டை கட்டவில்லை, வாட்ச் மட்டும். 168. ஒன்றும் மாற்றவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

தபாலில் ஆஸ்பத்திரி உறை ஒன்று வந்தது. உள்ளே நீளமாக மடித்த ஈசிஜி தாளும் ஒரு வெள்ளைத் தாளும். கடிதம் எதுவும் இல்லை.

ஈசிஜி தாள் நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் நகரும். அதை விடச் சரியான கடிகாரம் அந்த அறையில் கிடையாது. நாலாம் எண்ணுக்குச் சாவி கொடுத்து, தாளையும் அதையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அறுபது நொடியில் நிறுத்தியிருக்கிறாள். மூன்று முறை. 54, 53.5, 53.5. ஒவ்வொரு முறைக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் பேனாவால் கோடு போட்டிருக்கிறாள்.

வெள்ளைத் தாளில் அதே அச்சுக் கையெழுத்து. நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு, அட்டவணை. ஊசலின் நீளம் 100 செ.மீ. இருபது அலைவுக்கு நாலாம் எண் காட்டிய நேரம் 36 நொடி. இருபத்தைந்து வருஷமாக அந்த முப்பத்தாறை அவள் மறக்கவில்லை. அதன் கீழே கருவிப் பிழைக்கான திருத்தம், உண்மையான நேரம் 40.25 நொடி, முடிவு 9.75.

9.8 அல்ல. 9.75. வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறாள்.

தாளின் அடியில் வலது பக்கம், ரெக்கார்டு நோட்டில் இருப்பதுபோல, "ஆசிரியர் கையொப்பம்" என்று எழுதி, முன்னால் புள்ளிக் கோடு போட்டிருக்கிறாள். மதிப்பெண்ணுக்கு இடம் விடவில்லை.

டிசம்பர் 21, சனி

காலை முழுக்க அந்தத் தாளோடு இருந்தேன். ஸ்கேல் வைத்து ஈசிஜி தாளை அளந்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர். சாப்பாட்டு மேசை போதாமல் கூடத்துத் தரையில் விரித்து, ஓரத்தில் காற்றுக்கு வடிவின் உப்பு ஜாடியை வைத்தேன். சராசரியைப் போட்டேன், பெருக்கலைப் போட்டேன், வகுத்தலை இரண்டு முறை போட்டேன். எல்லாம் சரி.

அதன் பிறகுதான் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தேன், வீரபாகு. கீழே தேதி. 1999 என்று போடுவதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இன்றைய தேதியையே போட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

5 கி.மீ. ஓடியே முடித்தேன். நாற்பத்தேழு நிமிடம். கடைசி வளைவில் இரண்டு பள்ளிப் பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போது "வாங்க தாத்தா" என்றார்கள். நல்ல வேளை, அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான் என்று அவர்களுக்குத் தெரியாது.

நெஞ்சுப் பட்டை கட்டிக்கொள்ளவில்லை. கையில் வாட்ச் மட்டும்.

முதலுதவி மேசையில் ஜெபக்கனி இருந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் முதலில் தாளை நீட்டினேன். விரித்தாள். கையெழுத்தைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஊகித்து எழுதக் கூடாது.

"கைய நீட்டுங்க."

நீட்டினேன். வாட்ச்சைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு இரண்டு விரலை வைத்தாள். சட்டையில் குத்தியிருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உதடு அசைய எண்ணினாள். முப்பது நொடி. மைதானத்தில் ஒலிபெருக்கி யார் யாரையோ வாழ்த்திக்கொண்டிருந்தது. அவள் காதில் அது எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நூத்தி இருபத்தி நாலு" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க."

நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் கட்டத்தை நிரப்பினேன். தேதி, டிசம்பர் 22. தூரம், 5 கி.மீ. கருவி, ஜெபக்கனி. கருவி காட்டியது, 124.

விரலால் எண்ணியது என்ற கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.